சாஞ்சியில் அரை மணி நேரத்துக்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது?

முதலில் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் குடும்பத்தோடு போபால் போகிறீர்கள். எழுபதைத் தாண்டிய அம்மாவும் கூட வருகிறார். கையில் ஒரு முழு நாள் இருக்கிறது. சாஞ்சிக்குப் போய்வந்த உறவினர் ஒருவர், "பெரிய கல் மேடு, நாலு வாசல், உள்ளே சாமியும் இல்லை, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்" என்று சொல்லியிருக்கிறார். போகலாமா, போனால் எதைப் பார்ப்பது, புத்தரின் அஸ்தி அங்கே இருப்பது உண்மையா, பௌத்தர் அல்லாதவர்கள் கும்பிடலாமா என்று நாலு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நாலுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது: கருவறை இல்லாத ஒரு புனிதத் தலத்தில், கோயிலுக்குப் போய்ப் பழகிய நாம் என்ன செய்வது, கண்ணை எங்கே வைப்பது?

நான் சிற்பக்கலை வரலாறு படித்தவன். மாணவர்களை சாஞ்சிக்கு அழைத்துப் போய், தோரணங்கள் எனப்படும் அந்தச் சிற்ப வாசல்களின் கீழே நிற்கவைத்துப் பாடம் நடத்துவது பல ஆண்டுகளாக என் வேலையின் ஒரு பகுதி. அதனால் கல்லைப் பற்றியும் செதுக்கலைப் பற்றியும் ஓரளவு உறுதியாகப் பேசுவேன். பாலி நூல்களை மூலத்தில் ஆழ்ந்து படித்தவன் அல்ல. தத்துவத்தையும் வழிபாட்டு நெறிகளையும் ஒரு பிக்குவிடம் கேட்பதுதான் சரி.

உங்கள் உறவினர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. அவர் கல் மேடு என்று சொன்ன பெரிய ஸ்தூபிக்குள் நுழைய முடியாது, ஏனென்றால் உள்ளே இடமே கிடையாது. செங்கல்லும் கல்லும் கொண்டு திண்மையாக எழுப்பிய அரைக்கோளம் அது. சுமார் 36.6 மீட்டர் விட்டம், சுமார் 16.5 மீட்டர் உயரம். உச்சியில் சதுரமாக ஒரு சிறு கல் வேலி, அதன் நடுவில் மூன்று அடுக்குக் குடை. நம் கோயிலில் வாசல், மண்டபம், கருவறை என்று படிப்படியாக உள்ளே போகிறோம். ஸ்தூபியில் அப்படி உள்ளே போகும் பயணம் கிடையாது, சுற்றும் பயணம்தான். வலப்பக்கம் ஸ்தூபி இருக்கும்படி வலம் வருவதே வழிபாடு. கீழே தரையில் ஒரு பாதை, தெற்குப் பக்கப் படிகளில் ஏறினால் மேலே இன்னொரு பாதை. வந்த பக்தர் நடந்துகொண்டே இருக்கும்படி யோசித்துக் கட்டப்பட்ட இடம் அது. தோரணத்துக்குள் நுழைந்தால் ஸ்தூபிக்கு நேராகப் போய்விட முடியாது. வேலி அங்கே மடங்கித் திரும்புவதால் நீங்களும் திரும்பித்தான் ஆகவேண்டும். திரும்பிய கணத்திலேயே வலம் தொடங்கிவிடுகிறது. உறவினர் வாசலைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், நடந்தாரா என்பதுதான் என் சந்தேகம்.

எது எப்போது கட்டப்பட்டது என்பதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொண்டு போங்கள், ஏனென்றால் அங்கே எல்லாவற்றையும் "அசோகர் கட்டியது" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். உறுதியாகத் தெரிந்தது இது: கி.மு. 3-ஆம் நூற்றாண்டில், அசோகர் காலத்தில், இப்போது இருப்பதில் ஏறக்குறையப் பாதி விட்டமுள்ள செங்கல் ஸ்தூபி ஒன்று எழுந்தது. அது இன்றைய ஸ்தூபியின் உள்ளே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் அதன்மேல் கல் போர்த்திப் பெரிதாக்கினார்கள், கல் வேலியும் போட்டார்கள். நாலு தோரணங்களும் அதற்கும் பிறகு, பெரும்பாலான அறிஞர்கள் கணிப்பில் கி.மு. 1-ஆம் நூற்றாண்டில் வந்தவை. ஒவ்வொரு வாசலுக்கும் நேராக ஸ்தூபியின் சுவரில் சாய்த்தபடி உட்கார்ந்திருக்கும் நாலு புத்தர் சிலைகள் குப்தர் காலம், கி.பி. 450-ஐ ஒட்டியவை. அதாவது தோரணத்தைச் செதுக்கியவர்களுக்கும் அந்த புத்தர் சிலைகளைச் செதுக்கியவர்களுக்கும் இடையே சுமார் ஐந்நூறு ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. சில அடி தூரத்தில் இரண்டும் நிற்பதால் இந்த இடைவெளி யாருக்கும் உறைப்பதில்லை.

அசோகருடையது என்று தயங்காமல் சொல்லக்கூடிய ஒன்று தெற்குத் தோரணத்தின் அருகே இருக்கிறது. பளபளவென்று மெருகேற்றிய ஒரு தூணின் அடிப்பகுதி. மேற்பகுதி உடைந்து அருகிலேயே கிடக்கிறது. கரும்பு ஆலைக்காக உள்ளூர் ஜமீன்தார் ஒருவர் உடைத்தார் என்று, சாஞ்சியைச் சீரமைத்த தொல்லியலாளர் ஜான் மார்ஷல் எழுதிவைத்திருக்கிறார். அந்தத் தூணில் அசோகரின் ஆணை ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது: பௌத்தத் துறவிகளின் சங்கத்தைப் பிளக்கும் பிக்குவோ பிக்குணியோ வெள்ளாடை உடுத்தி, வெளியே போய் வாழ வேண்டும். சாரநாத்திலும் கௌசாம்பியிலும் இதே ஆணை உண்டு. அசோகர் என்றதும் நமக்குக் கருணையும் மரம் நட்டதும்தான் நினைவுக்கு வரும். இங்கே அவர் ஒரு நிர்வாகியாகக் கறாராகப் பேசுகிறார். தூணின் உச்சியில் இருந்த நாலு சிங்கத் தலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்லிவிடுகிறேன். அசோகரின் மனைவி தேவி சாஞ்சிக்கு அருகிலுள்ள விதிஷா நகரத்தைச் சேர்ந்த வணிகரின் மகள் என்றும், அவர்களுடைய மகன் மகிந்தர் இலங்கைக்குப் புறப்படும் முன் தாயைப் பார்க்க வந்து ஒரு மலை விகாரையில், அதாவது பௌத்த மடத்தில், தங்கினார் என்றும் இலங்கை மரபு சொல்கிறது. அந்த மலை சாஞ்சிதான் என்பது நல்ல ஊகம், அதற்கு மேல் இல்லை. சுங்க மன்னர் புஷ்யமித்திரர் பழைய ஸ்தூபியை இடித்தார் என்ற கதையையும் கேட்பீர்கள். செங்கல் ஸ்தூபி சேதமடைந்தது என்று மார்ஷல் கருதினார், ஆனால் செய்தது இன்னார் என்று காட்டும் கல்வெட்டு எதுவும் கிடையாது. புத்தர் சாஞ்சிக்கு வந்ததாக எந்தப் பழைய நூலும் சொல்லவில்லை. புத்தகயா, சாரநாத், குசிநகர் போல அவர் வாழ்க்கையோடு நேரடியாக ஒட்டிய தலம் இது அல்ல. அப்படி இருந்தும் பௌத்தக் கலையில் இவ்வளவு முழுமையாக நமக்குக் கிடைத்த இடங்கள் மிகக் குறைவு. யுனெஸ்கோ 1989-ல் இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் 200 ரூபாய் நோட்டின் பின்புறத்தில் இருப்பதும் இதே ஸ்தூபிதான்.

அப்படியானால் இவ்வளவையும் கட்டியது யார்? இந்தக் கேள்விக்கு விடை வேலியில் இருக்கிறது. பெரும்பாலோர் வேலியைக் கவனிக்காமல் தோரணத்துக்கு ஓடிவிடுவார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. வேலியில் சிற்பம் இல்லை, வெறும் தூண்களும் குறுக்குக் கம்பங்களும்தான். தச்சர் மரத்தில் துளை போட்டுச் சட்டத்தைச் செருகுவது போலவே கல்லிலும் துளை போட்டுச் செருகியிருக்கிறார்கள். மரத்தில் பழகிய கை கல்லுக்கு மாறிய காலம் அது, மூட்டுகளைப் பார்த்தாலே புரிந்துவிடும். அதே தூண்களிலும் கம்பங்களிலும் தரைக் கற்களிலும் சின்னச் சின்ன வரிகளாகப் பிராமி எழுத்துகள் இருக்கும். பெரிய ஸ்தூபியில் மட்டும் இப்படி 600-க்கும் மேற்பட்ட கொடைக் கல்வெட்டுகள் உண்டு. ஒரு கம்பம் ஒரு வணிகரின் கொடை, அடுத்தது ஒரு நெசவாளருடையது, இன்னொன்று ஒரு எழுத்தருடையது, வேறொன்று ஒரு ஊரே சேர்ந்து கொடுத்தது. உஜ்ஜயினி, மாகிஷ்மதி என்று தொலைவிலிருந்தும் கொடுத்திருக்கிறார்கள். பெண்கள் நிறைய. பிக்குகளுக்கு ஏறக்குறைய இணையான எண்ணிக்கையில் பிக்குணிகள் இருக்கிறார்கள். கையில் காசு வைத்துக்கொள்ளக் கூடாத துறவிகள் எப்படிக் கொடை கொடுத்தார்கள் என்பது இன்றும் அறிஞர்கள் வாதாடும் விஷயம். அரசர் பெயரைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

இந்த வரிகளுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1837-ல் ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேய அறிஞர், அதுவரை யாராலும் படிக்க முடியாதிருந்த பிராமி எழுத்தைப் படித்தது இவற்றை வைத்துத்தான். சாஞ்சியிலிருந்து வந்த கல்வெட்டு நகல்களில் பல வரிகள் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதைக் கவனித்தார். கோயிலுக்குக் கொடுத்தவர்கள் பெயருக்குப் பின்னால் வரக்கூடியது தானம் என்பதாகத்தான் இருக்கும் என்று ஊகித்தார், அது சரியாக இருந்தது. அசோகரின் கல்வெட்டுகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் பேசத் தொடங்கின. தமிழி, அதாவது தமிழ்ப் பிராமி, எழுத்து கொஞ்சம் பழகியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், வேலியில் அந்த இரண்டு எழுத்துகளைத் தேடச் சொல்லுங்கள். பிள்ளைகள் இதில் ஆர்வமாக இறங்கிவிடுவார்கள்.

இனி தோரணங்கள். இரண்டு தூண்கள், மேலே சற்றே வளைந்த மூன்று குறுக்கு விட்டங்கள், முன்னும் பின்னும் இண்டு இடுக்கு விடாமல் சிற்பம். நாலையும் முழுதாகப் பார்க்க முயன்றால் கண் சோர்ந்து, எல்லாம் ஒன்றாகக் கலங்கி, உறவினர் சொன்ன அதே அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். அதனால் ஒரு தோரணத்துக்கு ஒன்றிரண்டு காட்சி போதும் என்று முடிவு செய்துகொண்டு, அவற்றில் நின்று நிதானமாகப் பாருங்கள். விட்டங்கள் உயரத்தில் இருப்பதால் சின்னத் தொலைநோக்கி ஒன்று எடுத்துப் போவது நல்லது, இல்லாவிட்டால் கைப்பேசியின் கேமராவில் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

பார்ப்பதற்கு முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். தோரணச் சிற்பங்களில் புத்தர் மனித உருவில் எங்கேயும் இல்லை. அவர் இருக்க வேண்டிய இடத்தில் அரச மரம், வெறும் ஆசனம், பாதச் சுவடு, சக்கரம், குடை, ஸ்தூபி இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். சுற்றி நிற்பவர்கள் அதைப் பார்த்துக் கைகூப்பியிருப்பார்கள். நமக்கு இது அந்நியமான முறையும் அல்ல. மணிமேகலை மணிபல்லவத் தீவில் வணங்குவது புத்தர் சிலையை அல்ல, பாத பீடிகையைத்தான். ஏன் உருவம் இல்லை என்பதற்கு ஒரே விடை கிடையாது. நிர்வாணம் அடைந்தவரை உருவில் காட்டுவது தகாது என்று கருதினார்கள் என்பது நீண்ட காலமாகச் சொல்லப்படுவது. சூசன் ஹண்டிங்டன் என்ற அறிஞர் இதை மறுத்தார். இவற்றில் பல, புத்தர் வாழ்க்கைக் காட்சிகளே அல்ல, பிற்காலத்து மக்கள் புனிதத் தலங்களுக்குப் போய் வழிபடும் காட்சிகள் என்றார். வித்யா தெஹேஜியா, ஒரே காட்சிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் இருக்கலாம் என்றார். நான் தெஹேஜியா பக்கம் சாய்கிறேன். உங்களுக்கு வழிகாட்டி எதைச் சொன்னாலும், அதற்கு இன்னொரு வாசிப்பும் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

எனக்கு ஒரே ஒரு காட்சிதான் என்றால், கிழக்குத் தோரணத்தின் முன்பக்க நடு விட்டத்தைத் தேர்ந்தெடுப்பேன். சித்தார்த்தன் அரண்மனையை விட்டுப் போகும் இரவு. இடது ஓரத்தில் கபிலவஸ்து நகரம், வாசல், மாடங்கள். அங்கிருந்து ஒரு குதிரை புறப்படுகிறது. அதே குதிரை மறுபடி, மறுபடி வலப்பக்கம் நகர்கிறது. ஒரே கல்லில் நேரம் ஓடுவதைக் காட்டும் வழி அது. குதிரைமேல் யாருமே இல்லை, ஆனால் காலி முதுகுக்கு மேல் குடை பிடித்திருக்கிறார்கள். குளம்புச் சத்தம் கேட்டு ஊர் விழித்துவிடக் கூடாது என்று தேவர்கள் குளம்புகளைக் கையில் தாங்குகிறார்கள். வலது ஓரத்தில் இரண்டு பாதச் சுவடுகள், அவற்றின் மேல் குடை. பணியாளன் சன்னன் அதன் முன் விழுந்து கும்பிடுகிறான். அதற்குக் கீழே, அவன் குதிரையை நகரத்துக்குத் திருப்பி நடத்திப் போவதையும் காணலாம். இப்போது குதிரைமேல் குடை இல்லை. சவாரி செய்தவர் இறங்கிவிட்டார் என்பதை அந்தச் சிற்பி இந்த ஒன்றால் சொல்லிவிட்டான். உருவமே காட்டாமல் ஒரு பிரிவை இவ்வளவு தெளிவாகச் சொன்ன இன்னொரு சிற்பத்தை நான் பார்த்ததில்லை. உங்கள் அம்மாவுக்குக் கதையைச் சொல்லிவிட்டுக் குடையை மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள், அவரே மீதியைக் கண்டுபிடித்துவிடுவார்.

அதே தோரணத்தின் ஓரத்தில், மரக்கிளையைப் பிடித்துச் சாய்ந்து நிற்கும் யட்சியை எல்லோரும் படம் எடுப்பார்கள். எடுக்கத் தகுந்தவள்தான். அவளைப் போன்ற இன்னொருத்தி இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறாள். கீழ் விட்டத்தில் ஓர் அரசர் யானையிலிருந்து இறங்கிப் போதி மரத்தை வணங்க வருகிறார். அசோகர் என்று வழிகாட்டி சொல்வார். கதையோடு பொருந்துவதால் அறிஞர்களும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் பெயர் பொறிக்கப்படவில்லை. பெயரோடு கிடைத்த அசோகர் உருவம் கர்நாடகத்தில், கனகனஹள்ளி ஸ்தூபியில் இருக்கிறது.

நாலில் மிகவும் முழுமையாக நிற்பது வடக்குத் தோரணம். அதன் கீழ் விட்டத்தின் இருபுறமும் ஓடுவது வெஸ்ஸந்தரன் கதை. கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத இளவரசன், மழை தரும் யானையைக் கொடுத்து, அதனால் நாடு கடத்தப்பட்டு, தேரைக் கொடுத்து, குதிரைகளைக் கொடுத்து, கடைசியில் பிள்ளைகளையும் மனைவியையும் கூடக் கொடுத்துவிடுகிறான். புத்தரின் முற்பிறவிகளில் மனிதப் பிறவியாகக் கடைசி இதுதான் என்பது மரபு. பிள்ளைகளைக் கொடுக்கும் இடத்தில் இன்றைய மனதுக்கு உறுத்தும், உறுத்துவதில் தவறில்லை. மேற்குத் தோரணத்தின் தென்புறத் தூணில் மகாகபி ஜாதகம் என்ற இன்னொரு முற்பிறவிக் கதை: குரங்கு அரசன் தன் உடலையே கங்கைக்கு மேல் பாலமாக்கித் தன் கூட்டத்தைத் தப்பவைக்கிறான். சிற்பம் சற்று முரட்டுத்தனமானது, நதி மேலிருந்து கீழாக ஓடுவதை முதலில் பிடித்துக்கொண்டால் மற்றது புரியும். இதே தோரணத்தில் விட்டங்களைத் தாங்குவது தொந்தி பெருத்த குள்ளர்கள். வடக்கிலும் கிழக்கிலும் யானைகள், தெற்கில் சிங்கங்கள். எந்தத் தோரணம் என்று குழம்பினால் இதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

தெற்குத் தோரணம்தான் முதலில் எழுந்தது. மேல் விட்டத்தில், சாதவாகன மரபைச் சேர்ந்த சாதகர்ணி அரசரின் கைவினைஞர் தலைவன் ஆனந்தன் கொடுத்ததாக ஒரு கல்வெட்டு உண்டு. தோரணங்களின் காலத்தைக் கணிக்கப் பெரிய பிடிமானம் இதுதான், ஆனால் அந்தப் பெயரில் பல அரசர்கள் இருந்ததால் எந்தச் சாதகர்ணி என்பதில் இழுபறி தொடர்கிறது. ஒரு தூணில், அந்தச் சிற்ப வேலையைச் செய்தவர்கள் விதிஷாவின் தந்தச் சிற்பிகள் என்று பொறித்திருக்கிறார்கள். தந்தத்தில் நுணுக்க வேலை செய்து பழகிய கை என்று தெரிந்துகொண்டு பார்த்தால், அவ்வளவு சின்ன இடத்தில் அவ்வளவு நெரிசலாக ஏன் செதுக்கினார்கள் என்பது விளங்கும். விழுந்து கிடந்த இந்தத் தோரணத்தை 1880-களில் மறுபடி நிறுத்தியபோது மேல், கீழ் விட்டங்கள் முன்பின்னாக மாறிவிட்டன என்று மார்ஷல் கருதினார். அதனால் இங்கே பின்பக்கத்தை, அதாவது ஸ்தூபியைப் பார்த்த முகத்தை, தவறாமல் பாருங்கள். அங்கே கீழ் விட்டத்தில் ஒரு முற்றுகை நடக்கிறது. புத்தர் மறைந்தபின் அவருடைய அஸ்திக்காக ஏழு தரப்பினர் குசிநகரைச் சூழ்ந்துகொண்ட கதை. கடைசியில் சண்டை நடக்காமல் எட்டுப் பங்காகப் பிரித்துக்கொண்டார்கள் என்கின்றன நூல்கள்.

அஸ்தி பற்றிய உங்கள் கேள்விக்கு இங்கேயே வந்துவிடலாம். பெரிய ஸ்தூபியில் புத்தரின் அஸ்தி இருப்பதாகப் பலர் சொல்வார்கள். 1851-ல் தொல்லியல் ஆர்வம் கொண்ட ஆங்கிலேய அதிகாரிகளான அலெக்சாண்டர் கன்னிங்காமும் மைசியும் அதன் நடுவே மேலிருந்து துளைத்துப் பார்த்தார்கள், பேழை எதுவும் கிடைக்கவில்லை. முதலில் இருந்திருக்குமா என்பதை இப்போது யாராலும் சொல்ல முடியாது. கிடைத்தது, வடகிழக்கில் சற்றுத் தள்ளி நிற்கும் மூன்றாம் எண் ஸ்தூபியில். ஒரே தோரணம் உள்ள சின்ன ஸ்தூபி அது. உள்ளே இரண்டு கல் பெட்டிகள், மூடிகளில் சாரிபுத்தர், மகாமொக்கல்லானர் என்ற பெயர்கள். புத்தரின் தலைமைச் சீடர்கள் இருவர். உள்ளே இருந்த சிறு பேழைகளின் மூடியில் அவரவர் பெயரின் முதல் எழுத்து மையால் எழுதப்பட்டிருந்தது, இரண்டாயிரம் ஆண்டு பழைய மை. மலைச்சரிவில் கீழே உள்ள இரண்டாம் எண் ஸ்தூபியில் பத்து ஆசாரியர்களின் அஸ்தி கிடைத்தது. ஆகவே அந்த மலையில் உறுதியாகத் தெரிந்தது புத்தருடையது அல்ல, அவருடைய சீடர்களுடையதும் பிற்காலக் குருமார்களுடையதும்தான்.

கண்டெடுத்தவை இங்கிலாந்து போயின. நீண்ட முயற்சிக்குப் பிறகு சாரிபுத்தர், மொக்கல்லானர் அஸ்திகள் 1947-ல் திரும்பின, இலங்கை வழியாக வந்து 1952-ல் சாஞ்சி மலையிலேயே புதிதாகக் கட்டிய சேதியகிரி விகாரையில் வைக்கப்பட்டன. அந்த விழாவுக்கு நேரு வந்திருந்தார். கன்னிங்காம் அருகிலிருக்கும் சாத்தாராவிலும் இதே இருவர் பெயர் பொறித்த பேழைகளைக் கண்டவர். திரும்பி வந்தவை உண்மையில் சாத்தாராவில் கிடைத்தவை என்று ஆவணங்களை ஆராய்ந்த சிலர் சொல்கிறார்கள். வழிபடுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிதல்ல என்றுதான் நினைக்கிறேன். ஆண்டில் நவம்பர் இறுதியில் நடக்கும் விழாவில் அவற்றைப் பொதுமக்கள் தரிசிக்கலாம். டிசம்பரில் போனால் அது கிடைக்காது. தேதியை நகர்த்த முடியுமா என்று யோசித்துப் பாருங்கள், ஆனால் அந்த நாளில் கூட்டம் கடுமையாக இருக்கும், சிற்பத்தை நிதானமாகப் பார்க்க முடியாது. உங்கள் அம்மாவை வைத்துக்கொண்டு நான் டிசம்பரையே தேர்ந்தெடுப்பேன்.

கும்பிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கும்பிடலாம். இலங்கையிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வருகிறவர்கள் வெள்ளாடையில் மெல்லச் சொல்லிக்கொண்டே வலம் வருவதைப் பார்ப்பீர்கள். அவர்களோடு அதே திசையில் நடந்தால் போதும், எதிர்த்திசையில் போகாதீர்கள். தரையில் அமர்ந்திருப்பவர்களுக்கு முன்னால் குறுக்கே போகாமல், பின்னால் சுற்றிப் போங்கள். சிற்பங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம் பழக்கம், இங்கே அதைக் கைவிட வேண்டும். மணற்கல், கை எண்ணெயும் வியர்வையும் ஏறினால் கறுத்துப்போகும். பூ, விளக்கு, காணிக்கை எல்லாம் விகாரையில்.

இந்த மலை இப்படி நிற்பதற்குக் காரணமானவர்களையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1818-ல் ஆங்கிலேய ஜெனரல் டெய்லர் பார்த்து எழுதியபோது பெரிய ஸ்தூபி ஏறக்குறைய நல்ல நிலையில் இருந்தது. புதையல் இருக்கும் என்று நம்பி 1822-ல் ஜான்சன் என்ற அதிகாரி அதைப் பக்கவாட்டில் உடைத்துத் திறந்தார். பல நூற்றாண்டு மழையைவிட அதிகச் சேதம் அந்த ஒரு தோண்டலால் வந்தது. பின்னர் கிழக்குத் தோரணத்தைப் பெயர்த்து பாரிஸுக்குக் கொண்டுபோக பிரெஞ்சுக்காரர்கள் விரும்பினார்கள். நல்லவேளையாக அச்சில் வார்த்த நகல்களோடு ஐரோப்பா திருப்தி அடைந்தது. போபாலை ஆண்ட ஷாஜகான் பேகமும் சுல்தான் ஜகான் பேகமும் பராமரிப்புக்குப் பணம் கொடுத்தார்கள், 1912 முதல் 1919 வரை மார்ஷல் நடத்திய பெரிய சீரமைப்புக்குப் பிறகு எழுந்த அருங்காட்சியகத்துக்கும் சுல்தான் ஜகான் பேகமே பொருளுதவி செய்தார். பௌத்தர் யாரும் மிச்சமில்லாத ஒரு மலையை இரண்டு முஸ்லிம் அரசிகள் பேணினார்கள். வழிகாட்டிகள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவதுண்டு, நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஸ்தூபியைத் தவிர மற்றவற்றில், பதினேழாம் எண் கோயிலைக் கட்டாயம் பாருங்கள். தட்டைக் கூரை, ஒரு சிறு அறை, முன்னால் நாலு தூண்கள். கி.பி. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இந்தியாவில் கல் கொண்டு கட்டிய கோயில்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. இன்று நாம் காணும் பெரிய கோபுரங்களுக்கும் விமானங்களுக்கும் முன்னால் கோயில் எவ்வளவு எளிமையாகத் தொடங்கியது என்பது அங்கே தெரியும். பக்கத்தில் உயர்ந்த தூண்கள் மட்டும் நிற்கும் பதினெட்டாம் எண் கோயிலைப் போகிறபோக்கில் பார்த்தால் போதும். இரண்டாம் எண் ஸ்தூபிக்குப் படிகளில் கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டும், அம்மாவுக்கு வேண்டாம். மேலே மரநிழலில் அவர் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் போய்வாருங்கள், ஏனென்றால் அந்த வேலியில் இருக்கும் தாமரைகளும் விசித்திர விலங்குகளும் மலையிலேயே மிகப் பழைய செதுக்கல்கள். மலை உச்சி மற்றபடி சமதளம், வண்டியும் மேலே வரை போகும்.

அந்த ஒரு நாளை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். போபாலிலிருந்து சாஞ்சி 50 கிலோமீட்டருக்குள்தான், வழியில் கடகரேகையைக் கடக்கும் இடத்தில் ஒரு பலகை இருக்கும். சாஞ்சியில் ரயில் நிலையம் உண்டு, ஆனால் சென்னையிலிருந்து வரும் விரைவு ரயில்கள் அங்கே நிற்பதில்லை, எனவே போபாலில் இறங்கி வண்டி பிடிப்பதே வசதி. காலையில் முடிந்தவரை சீக்கிரம் போய்க் கிழக்குத் தோரணத்தில் தொடங்குங்கள், அப்போதுதான் வெயில் அதன் முகத்தில் சாய்வாக விழுந்து புடைப்புகளைத் தூக்கிக் காட்டும். வடக்குத் தோரணத்தின் வெளி முகத்தில் டிசம்பரில் நாள் முழுக்க நேர் வெயில் படாது, அதனால் அதை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். மேற்கை மதியத்துக்கு வையுங்கள். தோரணக் கதைகளுக்கு அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி ஒருவரை ஒரு மணி நேரத்துக்கு அமர்த்திக்கொண்டு, அவர் போனபின் ஒருமுறை யாரும் பேசாமல் வலம் வாருங்கள். மொத்தம் நாலு மணி நேரம் மலையில் தாராளமாகப் போகும்.

மதிய உணவுக்குப் பின் விதிஷா பக்கம் திரும்பினால், பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில் உதயகிரிக் குடைவரைகளும் ஹெலியோடோரஸ் தூணும் இருக்கின்றன. உதயகிரியில் பூமியைத் தூக்கி நிற்கும் பெரிய வராகம் குப்தர் காலத்தது. தூணோ கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தட்சசீலத்திலிருந்து வந்த கிரேக்கத் தூதர் ஒருவர் வாசுதேவனுக்கு நட்ட கருடத் தம்பம், பார்க்கப் பத்து நிமிடம் போதும். பீம்பெட்கா குகைகளையும் அன்றே சேர்த்துவிடலாம் என்று பயண முகவர்கள் சொல்வார்கள். அது போபாலுக்குத் தெற்கே, முற்றிலும் எதிர்த்திசை. சேர்த்தால் நாள் முழுவதும் வண்டியிலேயே கழியும், சாஞ்சிக்கு மறுபடி அரை மணி நேரம்தான் மிஞ்சும். எந்தக் கிழமை என்பதை நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் வெள்ளியை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அன்று அருங்காட்சியகம் மூடியிருக்கும்.